ஒரு ‘ஆமா’ பாக்கி

“இப்பதான் வாறியாக்கும்? சீலை வேற நனைஞ்சு கெடக்கு. ஊரே வந்து உக்காந்திருக்கு!”

வில்லுப்பாட்டு முத்துமாலை தன் மனைவி சந்தனமாரியை எல்லார் எதிரிலும் திட்டினார். அவள் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, ஜால்ராவை எடுத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தாள்.

பாவநாசம் படித்துறையில் குளிக்க வருகிறவர்கள், பாவம் தொலையட்டும் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தண்ணீருக்கு அடியில் மணலே தெரியவில்லை. இன்றைய கச்சேரியில் வசூலாகிற பணத்தில் ஆள் விட்டு அந்தத் துணியை அள்ள வேண்டும். இதற்காகப் பாளையங்கோட்டைக் கல்லூரி சுகிர்தா டீச்சர் மூன்று மாதம் பஸ் ஏறி அலைந்திருந்தார்.

வில்லுப்பாட்டில் தலைவர் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட வேண்டும். அது சந்தனமாரியின் வேலை. வீட்டில் அவளிடம் ஒரு ‘ஆமா’ வாங்க முத்துமாலை தலைகீழாக நிற்க வேண்டும். மேடையில் மட்டும் கேட்காமலே கிடைக்கும்.

“தாமிரபரணி நம்ம தாயி!”

“ஆமா!”

“தண்ணி குடுக்கா, சோறு குடுக்கா!”

“ஆமா!”

“அவ மடியில நாங்க ஒருநாளும் துணி போட்டதில்ல!”

சத்தமே இல்லை.

முத்துமாலை அந்த வரியைத் திரும்பப் பாடினார். குடம் அடிக்கும் பிச்சைக்கண்ணு உதவிக்கு வாயைத் திறந்தார். சந்தனமாரி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

“ஏட்டி, திட்டினதுக்குக் கோவமா? வீட்டுல போய் வச்சுக்கலாம். மானத்த வாங்காத” என்று மைக்கைப் பொத்திக்கொண்டு கெஞ்சினார் முத்துமாலை.

“பாட்ட மாத்துங்க, போடுதேன்.”

அவர் மாற்றவில்லை. மூன்றாம் தடவையும் பாடினார். மில் வேலை முடிந்து சைக்கிளோடு நின்ற ஒருவர் சிரித்துவிட்டார்.

“அண்ணாச்சி, ஒம்ம வீட்டம்மாவே நம்பலியே! நாங்க எப்பிடி நம்ப?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ‘மேடையிலயா புருஷன்கிட்ட வீம்பு காட்டுவா?’ என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது.

வசூலுக்கு ஏந்தத் துண்டு தேடினார் டீச்சர். சந்தனமாரி கூடையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தாள். அது கூட்டத்தைச் சுற்றிவிட்டு நாலைந்து நாணயங்களோடு திரும்பி வந்தது. டீச்சர் முகம் தொங்கிப்போயிற்று.

துணியை வாங்கிய முத்துமாலைக்கு அது ஈரமாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஓரத்தில் சலவைக்காரர் போட்ட குறி. மூணு புள்ளி, ஒரு கோடு.

அவருடைய வேட்டி!

“இது... எங்கன கெடச்சுது?”

“படித்துறையில. கல்லு இடுக்குல சிக்கிக் கெடந்துது. எடுக்கதுக்குள்ள நேரமாயிட்டு.” அவள் குரலில் கோபமே இல்லை.

முத்துமாலைக்கு அவமானமாக இருந்தது. பிறகு வீசுகோலை எடுத்து வில்லில் ஓங்கித் தட்டினார்.

“கேளுங்க மக்கா! நேத்துக் காலையில ஒரு மடையன் சோசியர்கிட்ட போனான். ‘கட்டின வேட்டிய ஆத்துல விடு, கச்சேரி ஓகோன்னு நடக்கும்’னாரு. அவனும் விட்டான்... இந்த ஆத்தக் காப்பாத்துற கச்சேரி நல்லா நடக்கணும்னு! அந்த மடையன் இந்த முத்துமாலைதான்!”

“ஆமா!” என்றாள் சந்தனமாரி. அதற்கு மைக்கே தேவைப்படவில்லை.