பதினெட்டு வருஷ வாய்தா

"பையைச் சாய்க்காதீங்க, உள்ள மனு கசங்கிடும்!" என்று வக்கீலம்மா அதட்டினார். கணவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அவருடைய இன்னொரு கையில் குடை, தண்ணீர் பாட்டில், மனைவியின் கறுப்புக் கோட்டு எல்லாம் இருந்தன.

கோர்ட் வராந்தா பெஞ்சிலிருந்து டெய்லர் அக்கா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாவை நம்பித்தான் அவருடைய கடையே இருக்கிறது.

"வீட்டுக்காரருக்கு வேலைவெட்டி எதுவும் இல்லையா?" என்று காதோடு கேட்டார்.

"இருந்தது. முடிஞ்சு போச்சு."

"அய்யோ பாவம். அதான் நீங்க திரும்பக் கோட்டை மாட்டிக்கிட்டீங்களாக்கும்."

"அப்படியும் வச்சுக்கலாம்" என்றார் வக்கீலம்மா.

டெய்லர் கடைக்குக் கட்டட முதலாளி பூட்டுப் போட்டுவிட்டார். இடத்தை செல்போன் கடைக்கு விட வேண்டுமாம். உள்ளே பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகள் மலையாகக் கிடக்க, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. இன்று உத்தரவு வாங்காவிட்டால் அடுத்த வருஷம் ஒருவரும் அக்காவிடம் ஒரு கர்ச்சீப்கூடத் தைக்கக் கொடுக்க மாட்டார்கள்.

ஊரில் வக்கீலுக்கா பஞ்சம்? ஆனால் அத்தனை பேருடைய ஆபீசும் அதே முதலாளியின் மாடியில் வாடகைக்கு இருந்தது. ஆபீசே இல்லாத வக்கீல் இந்த அம்மா ஒருவர்தான்.

"கடைசியா எப்ப வாதாடினீங்க?"

"ஆச்சு, பதினெட்டு வருஷம்."

டெய்லர் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பத்து நாள் ஓட்டாம விட்டாலே என் மெஷின் நூலை அறுக்குது! அப்படி ஏம்மா விட்டீங்க?"

"ஒரு ஜட்ஜால. அவர் முன்னாடி நான் போய் நிக்கவே முடியல."

"வேற ஊருக்குப் போறதுதானே?"

"போனேனே. மூணு ஊர் மாறினேன். எல்லாம் சின்ன ஊர், ஊருக்கு ஒரு கோர்ட்தான். எங்க போனாலும் அதே ஜட்ஜ்!"

"அடப்பாவி! சனியன் மாதிரி பின்னாலேயே வந்தானா?"

கணவருக்குப் புரையேறியது. பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"இப்பப் புது ஜட்ஜ் வந்தாச்சுக்கா. பயப்படாதீங்க" என்றார் வக்கீலம்மா. கோட்டை மாட்டி, பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கணவர் கூட வரவில்லை. வாசல் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். முதலாளியின் வக்கீல் தொப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "இதுல அவசரம் ஒண்ணும் இல்ல. பதில் சொல்ல ஒரு மாசம் வாய்தா வேணும்."

வக்கீலம்மா வாயைத் திறந்தார். "கனம் நீதிபதி அவர்களே..." அதற்கு மேல் காற்றுதான் வந்தது. சின்ன வயசுப் பெண்ணான புது ஜட்ஜ் ஒரு நிமிஷம் காத்துப் பார்த்துவிட்டு, தேதி குறிக்கப் பேனாவை எடுத்தார்.

பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தார் டெய்லர் அக்கா. "விட்றாதீங்கம்மா! அந்த ஆளோட புதுக் கோட்டும் என் கடைக்குள்ளதான் தொங்குது!"

வக்கீலம்மா திரும்பி எதிர்த்தரப்பு வக்கீலை ஏற இறங்கப் பார்த்தார். நடுப் பொத்தான் இப்போதோ அப்போதோ என்று ஒற்றை நூலில் ஊசலாடியது.

"அவசரம் இல்லைன்னு நண்பர் சொல்றார். அவருக்குத் தைச்ச புதுக் கோட்டும் அந்தப் பூட்டுக்கு உள்ளதான் இருக்கு. என் கட்சிக்காரர் வேணும்னா ஒரு மாசம் பொறுத்துப்பாங்க. அந்தப் பொத்தான் பொறுக்குமா?"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் மடை திறந்த மாதிரிதான். நோட்டீஸ் கொடுக்காமல் பூட்டியது எந்தச் சட்டத்தில் தப்பு, அடுத்தவர் துணியைச் சிறை வைப்பது எதில் தப்பு என்று வக்கீலம்மா அடுக்க அடுக்க, எதிர்த்தரப்பு வக்கீல் பொத்தானைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். சாயங்காலத்துக்குள் பூட்டைத் திறக்க வேண்டும் என்று உத்தரவானது.

வெளியே வரும்போது அவரே டெய்லர் அக்காவின் பக்கம் குனிந்தார். "கோட்டு நாளைக்குக் கிடைக்குமா?"

"காஜா மட்டும்தான் பாக்கி சார்."

வராந்தாவுக்கு வந்ததும் டெய்லர் அக்கா வக்கீலம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. கலங்கிய வேகத்திலேயே கோபமும் வந்தது.

"இப்பேர்ப்பட்ட வாயைப் பதினெட்டு வருஷம் பூட்டி வச்சிருந்தானே அந்த ஜட்ஜ், அவன் உருப்படுவானா? என் முன்னாடி மட்டும் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

வக்கீலம்மா கையை விடுவித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தார். அவர் தூணை விட்டு நகர்ந்து, அக்காவின் எதிரில் வந்து பணிவாக நின்றார்.

"தாராளமாக் கேளுங்கம்மா. ஆனா, பொண்டாட்டி வாதாடி, புருஷன் தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது நான் இல்ல."