இஞ்சி பிஸ்கட் தட்டு

"எனக்குப் பதவி எதுவும் வேண்டாம் சார். அதை முதல்லயே சொல்லிடறேன்" என்றபடிதான் கரடிக்காரர் கூட்ட அறைக்குள் காலை வைத்தார்.

"உங்களை யாருங்க கேட்டது? பட்டியலெல்லாம் எப்பவோ ரெடி" என்று தலைவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். கரடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உயிர் வந்ததும் கண் பிஸ்கட் தட்டைத் தேடியது. இஞ்சி பிஸ்கட்டுக்காகவே மனுஷன் கூட்டத்துக்கு வருகிறார் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பொய்யும் இல்லை. முன்பெல்லாம் தட்டு கதவோர மேசையில் இருக்கும். பிறகு நடுவரிசைக்குப் போனது. போன மாதம் முதல் வரிசையில் இருந்தது. இன்றைக்கு மேடையில்.

"இங்க வாங்க, ஃபேனும் இங்கதான் இருக்கு" என்றார் தலைவர்.

கரடிக்காரர் திரும்பிப் பார்த்தார். அறைக் கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. ஆபத்தென்றால் ஒரே ஓட்டம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மேடையேறினார்.

மிருகக்காட்சிசாலை உணவு நிபுணர் சங்கம் என்பது பெயரில்தான் பெரிசு. எந்த மிருகத்துக்கு எதை, எத்தனை கிலோ போடுவது என்று தீர்மானிக்கிற நாற்பது பேர், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கொரு முறை செயற்குழுத் தேர்தல் வரும். அந்த வாரம் ஆளாளுக்குக் காய்ச்சல் வரும். எல்லாம் செயலாளர் பதவிக்குப் பயந்துதான். அதில் உட்கார்ந்தவர் இரண்டு வருடத்துக்குச் சாயங்காலம் என்ற ஒன்றை மறந்துவிட வேண்டியதுதான்.

கரடிக்காரருக்குச் சாயங்காலம்தான் இப்போது உயிர்நாடி. குழந்தையோடு மூன்று வருடம் வீட்டில் அடைந்து கிடந்த மனைவி, திங்கட்கிழமை முதல் மறுபடி நர்ஸ் வேலைக்குப் போகிறாள். மாலை ஷிப்ட். ஐந்தரைக்கு இவர் வீட்டில் நின்றால்தான் அவள் வாசலைத் தாண்ட முடியும்.

"இன்னைக்குப் போகாம இருந்தா என்ன?" என்று காலையில் அவள் கேட்டாள்.

"வராதவன் தலையிலதான் முதல்ல கட்டுவாங்க. நேர்ல இருந்தா எப்படியாவது தப்பிச்சுக்கலாம்."

"அப்ப வாயத் திறக்காம உக்காந்துட்டு வாங்க. நீங்க பேச ஆரம்பிச்சாத்தான் வம்பே."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் இதே சங்கத்தில் வாயைத் திறந்து ஒரு மணி நேரம் பேசித்தான், கரடிக்காரர் என்ற பட்டத்தோடு வீடு திரும்பினார். வேறு ஊருக்கு அனுப்ப வேண்டிய கிழட்டுக் கரடி ஒன்று பயணப் பெட்டியைக் கண்டாலே உறுமியது. மயக்க ஊசி போடாமல், ஒரு அடி அடிக்காமல் அதை உள்ளே அனுப்பியது எப்படி என்பதுதான் பேச்சு.

"தேன் தடவின ரொட்டிதான் சார் எல்லாம். அவசரமே கூடாது. பெட்டி எப்பவும் திறந்தே கிடக்கணும். நினைச்சா வெளிய போயிடலாம்னு அதுக்கு ஒரு தைரியம் இருக்கணும். கடைசி நிமிஷம் வரைக்கும் கதவு மேல யாரும் கை வைக்கக் கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் மட்டும் தட்டவில்லை. குனிந்து ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

இன்று மணி ஐந்தடித்ததும் தலைவர் பட்டியலை வெளியே எடுத்தார். "மேடையில இருக்கிற நாலு பேரையும் புதுச் செயற்குழுவுக்கு முன்மொழியறேன். தலைவர், பழையபடி நான். துணைத்தலைவர், பறவையம்மா. பொருளாளர், யானைக்காரர். செயலாளர், நம்ம கரடிக்காரர். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

அந்த நேரம் பார்த்து இவர் வாயில் மூன்றாவது பிஸ்கட் முழுசாகப் போயிருந்தது. திடுக்கிட்டதில் இஞ்சிக் காரம் மூக்கில் ஏறியது. வார்த்தை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று கையைத் தூக்கி ஆட்டினார்.

"பாருங்க, அவரே கை தூக்கிட்டாரு!" என்றார் பறவையம்மா. அறையில் இருந்த அத்தனை கையும் எழுந்தது.

ஒரு டம்ளர் தண்ணீரைத் தொண்டையில் கவிழ்த்துக்கொண்டு, "சார்... திங்கட்கிழமை... என் வீட்டுக்காரிக்கு வேலை..." என்று கெஞ்சினார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. அலமாரியில் அவள் இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்த வெள்ளை உடுப்பு கண்முன் வந்து நின்றது. பாவம், மூன்று வருடமாய் இந்த ஒரு திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கிறாள்.

கரடிக்காரர் பையை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார். திறந்திருந்த வாசலை நோக்கி விழுந்தடித்து ஓடினார்.

தலைவர் பதறவில்லை. முன்னால் விரித்து வைத்திருந்த பழைய நோட்டில் கடைசி வரியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு வாசலோரம் தயாராக நின்றிருந்த குரங்குக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்.

"இப்ப கதவைச் சாத்துங்க."