வழித்துத் துடைத்த மீன்

1987ஆம் ஆண்டு. யோகராணி யாழ்ப்பாணத்திலிருந்து ஒக்லண்டுக்கு வந்து நாலாம் நாள், புருஷன் தியாகலிங்கம் அவளை ஒரு பெரிய சீன உணவகத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைத் துணி விரித்த மேசையில் மெனு இருந்தது. அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

“இஞ்சி போட்டு அவிச்ச மீன் எடுப்பம். வாத்தும் நல்லாயிருக்கும்.”

“கடலட்டையும் போட்டிருக்கே!”

“அதை விடும். கனபேர் பாதியிலயே வைச்சிடுவினம்.”

பரிமாற வந்த சீனப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். யோகராணிக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக, ‘பாணும் பருப்பும்தான் சாப்பாடு’ என்று கடிதம் எழுதிய மனுஷன் அல்லவா!

“இஞ்ச ஆரோட வந்து இவ்வளவும் சாப்பிட்டனீங்கள்?”

தியாகலிங்கம் தண்ணீர்க் கிளாசை மெல்ல நகர்த்தி வைத்தார்.

“ஒண்டையும் வாயில வைச்சதில்லை, ராணி. ரெண்டு வருஷமா இஞ்சதான் பின்னால நிண்டு சாப்பாட்டுக் கோப்பை கழுவினனான். எந்தக் கோப்பை வழிச்சுத் துடைச்சு வருதோ, அதுதான் நல்ல சாப்பாடு. நேற்றோட விட்டாச்சு. திங்கட்கிழமை மனுகாவ் பக்கத்தில எஞ்சினியர் வேலை தொடங்குது. இந்தக் கடை முதலாளிதான், ‘ஒருநாள் மனுசியோட முன்வாசலால வா’ எண்டவர்.”

மீன் வந்தது. அவள் சாப்பிட்டாள். கோப்பையை எடுக்க அந்தப் பெண் கை நீட்டியபோது மட்டும் தடுத்தாள். ஒட்டியிருந்த கடைசி இஞ்சித் துண்டையும் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“இண்டைக்கு உள்ளுக்கு நிண்டு கழுவுறவருக்கும் தெரியட்டும்” என்றாள்.