துளுக்காத கிடாய்

மச்சினனுக்காக ஊர்க்கவுண்டர் சாமி காட்டையே விற்கப் பார்க்கிறார் என்றுதான் மோகனூருக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே இல்லை. அந்தத் தைரியம் யாருக்கு இருக்கிறது?

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. கரிக்கு அப்படியொரு கிராக்கி. ஊர்க்கவுண்டர் மருதாசலத்தின் மச்சினன் குழந்தைவேல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கரி வியாபாரி. அவன் கண் கருப்பணார் கோயில் காட்டின் மேல் விழுந்தது.

வேம்பும் ஊஞ்சையும் ஆலுமாக ஏழெட்டு ஏக்கர் காடு. அன்றுவரை அரிவாள் படாதது. கீழே விழுந்த சுள்ளியைக்கூடச் சாமி பொங்கலுக்குத் தவிர யாரும் தொடமாட்டார்கள்.

"மரத்தைக் குடுங்க மச்சான். மழையில நனையற கருப்பணாருக்குக் காரை மண்டபம் கட்டித் தாரேன்" என்றான் குழந்தைவேல், கவுண்டர் வீட்டு வாசலில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு.

மண்டபம் என்றதும் பாதி ஊர் பல்லை இளித்தது. மீதி ஊர் கவுண்டரைப் பார்த்தது. கவுண்டரோ நல்ல யோசனைதான் மாப்பிள்ளை என்று தலையை ஆட்டிவிட்டார். மனைவி செல்லாயி கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். தம்பியை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அப்புறம் ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் சோறு வேகாது.

பூசாரி செங்கோடன் மட்டும் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, போன பஞ்சத்துல ஊர்க் கெணறெல்லாம் வறண்டப்ப, காட்டுக்குள்ள இருக்கற குட்டை மட்டுந்தானுங்க வத்தல. ஊர் மாடு பூராவும் அந்தத் தண்ணியிலதானுங்க பொழைச்சுது. மரம் போனா குட்டையும் போயிருமுங்க."

"அதைச் சாமியே சொல்லட்டும்" என்றார் கவுண்டர். "வெள்ளிக்கிழமை வரம் கேட்டுருவோம். கிடாய் எம் பட்டியில இருந்தே வரும்."

அங்கேதான் ஊருக்கு வயிறு எரிந்தது.

வரம் கேட்பதென்றால், கிடாய்க்கு மாலை போட்டுச் சாமி முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் துளுக்கிவிட்டது, சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். மூன்று தடவை தெளித்தும் துளுக்காவிட்டால் சம்மதமில்லை. கவுண்டர் பட்டிக் கருப்புக் கிடாயோ, ஈ உட்கார்ந்தாலே உடம்பை உதறுகிற ரகம். முடிவு இப்போதே தெரிந்த கதைதான்.

செங்கோடனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. குட்டைக் கரையிலேயே உட்கார்ந்து கிடந்தார். பாவம், அவரால் வேறென்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை காலையில் கிடாய் வந்தது. அடேயப்பா, என்ன மினுமினுப்பு! காது மறையப் பெரிய சாமந்தி மாலை வேறு. மச்சினன் காரியத்துக்காக ஆட்டைக்கூடக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜோடித்திருக்கிறாரே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரைத் தெளித்தார். கிடாய் அசை போட்டபடி நின்றது.

இரண்டாவது தடவை. கிடாய் மாலையில் ஒரு பூவைக் கடித்துத் தின்றது.

குழந்தைவேலுக்குப் பொறுக்கவில்லை. செம்பைப் பிடுங்கி, இருந்த தண்ணீர் முழுவதையும் அவனே அதன் தலையிலிருந்து வால் வரை ஊற்றினான். கிடாய் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புழுக்கை போட்டது.

கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. அப்புறம்தான் சாமி சன்னிதி என்பது ஞாபகம் வந்து குலவை போட்டார்கள். செங்கோடன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதே விட்டார்.

கவுண்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி ஒத்துக்கல மாப்பிள்ளை. நான் என்ன பண்ணட்டும்?"

செல்லாயியே தம்பியைச் சமாதானப்படுத்தி, சாமி காரியத்தில் மனுஷர் தலையிடக் கூடாது, வேறு பக்கம் பார் என்று சொல்லிவிட்டாள். குழந்தைவேல் அடுத்த கரி பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.

கூட்டம் கலைந்தது. மாலையைக் கழற்றக் கிடாயின் கழுத்தைத் தொட்ட செங்கோடனுக்குக் கை வழுக்கியது. மோந்து பார்த்தார். விளக்கெண்ணெய்! தலையிலிருந்து வால்வரை சொட்டுத் தண்ணீர் ஒட்டாதபடி தேய்த்திருந்தது. மாலையை எடுத்தால், இரண்டு காதிலும் தண்ணீர் இறங்காதபடி பஞ்சு.

திரும்பிப் பார்த்தார். கவுண்டர் அசடு வழிய நின்றிருந்தார்.

"ஏனுங்க, இதெல்லாம்..."

"மெதுவாப் பேசு. செல்லாயி இன்னும் பொங்கப் பானையைக் கழுவிக்கிட்டு அங்கதான் நிக்கறா. அவ தம்பிகிட்ட நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

செங்கோடனுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "இருந்தாலும் சாமியவே ஏமாத்திப் போட்டமேங்க. கருப்பணார் வாக்கு என்னன்னே தெரியாமப் போச்சுங்களே."

"ஏன் தெரியாது? முந்தாநாள் விடியறதுக்கு முன்னாலயே நானே ஒத்தையில வந்து இதே கிடாய்க்குத் தண்ணி தெளிச்சுப் பாத்தேன். தெளிச்ச உடனே துளுக்கிருச்சு."

செங்கோடன் கருப்பணார் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்படின்னா... சாமி வெட்டச் சொல்லிருச்சுங்களா?"

கவுண்டர் மேல்துண்டை எடுத்துக் கிடாயின் முதுகைத் துடைத்தார்.

"நம்ம கருப்பணாரு யாரு எதைக் கேட்டாலும் குடுத்துருவாரு செங்கோடா, தான் நிக்கற நெழல் உள்பட. அவருகிட்ட எதைக் கேக்கக் கூடாதுன்னு நமக்கல்லவா தெரியணும்?"