வெற்று அட்டை

நாற்பத்தாறு இருந்தது. நாற்பத்தெட்டு இருந்தது. நடுவில் பத்தொன்பது வருஷமாக ஒரு வெற்று அட்டை.

ஒன்பதரை அந்த அட்டையை உருவிக் கட்டிலில் வைத்தார்.

ஒன்பதரை என்பது பட்டறையில் வைத்த பெயர். விரல் கணக்கு. வலது கட்டைவிரலில் பாதியை ஒரு மோட்டார் வாங்கிக்கொண்டது.

படகு மோட்டார் கம்பெனி பட்டறைகளுக்கு அனுப்பிய பழைய சர்வீஸ் தாள்களைச் சேர்ப்பதுதான் இப்போது அவர் வேலை. இந்த மாடலில் இந்த வாஷரை மாற்று, அந்த மாடலில் அந்த ஒயரைத் தள்ளிக் கட்டு. ஒன்றைத் தேடப்போய் இருநூற்றுச் சொச்சம் சேர்ந்துவிட்டது. எண் வாரியாகப் பதினொரு ஃபைல்கள். கட்டிலில் மனைவி படுத்த பக்கம் அவை படுத்திருக்கின்றன.

காலையில் பழைய பேப்பர்க்காரர் ஒரு தாள் கட்டைக் கொண்டுவந்து போட்டார். பட்டறை முதலாளியின் வீட்டை இடித்தபோது பரணில் கிடந்ததாம்.

"பொட்டலம் மடிக்கக்கூட லாயக்கில்ல சார், ஒரே ஆயில். உங்களை விட்டா இதுக்கு வேற பைத்தியம் கிடையாது."

"வச்சுட்டுப் போப்பா."

கட்டின் நடுவில் இருந்தது நாற்பத்தேழு.

வேறு பட்டறைகளுக்குப் போன நாற்பத்தேழு இரண்டு தடவை கிடைத்திருக்கிறது. அவற்றை அவர் ஃபைலில் சேர்க்கவில்லை. இதில் அவர் பட்டறையின் முத்திரை இருந்தது.

தாளில் இருப்பது மனப்பாடம். கியரில் இருக்கும்போது மோட்டார் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நைலான் துண்டு விரிசல் விடுகிறது. பித்தளையில் மாற்றவும். மாற்றும்வரை யாரும் ஸ்டார்ட் கயிற்றை இழுக்க வேண்டாம்.

அவர் பூட்டிக் கொடுத்த மோட்டாரில் நைலான்தான் இருந்தது. வெள்ளோட்டம் பார்க்க எடுத்துப் போனவன் மச்சான். மனைவியின் தம்பி, அதே பட்டறையில் இவருக்குக் கீழே வேலை. நின்றபடி கயிற்றை இழுத்தான். மோட்டார் கியரிலேயே ஸ்டார்ட் ஆகிப் படகு துள்ளியது. அவன் தண்ணீரில் விழுந்தான். ஆளில்லாத படகு வட்டமடித்து அவன் மேலேயே திரும்பி வந்தது.

அப்படி ஒரு தாள் வரவே இல்லை என்றார் இவர். அனுப்பினோம் என்றது கம்பெனி. எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் முதலாளி.

மனைவி ஒன்றுதான் சொன்னாள். "வந்ததைப் படிக்காம விட்டீங்களா, வரவே இல்லையான்னு என் கண்ணால பாக்கணும்." சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனவள்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பதினோரு மணிக்குப் போன் வரும். கிடைச்சுதா என்பாள். இல்ல என்பார். வைத்துவிடுவாள். ஒரு கல்யாணத்தின் மிச்சம் அவ்வளவுதான்.

இன்று முதல் ஞாயிறு.

தாளின் அடியில் 'படித்தேன்' என்று ஒரு கட்டம். அதற்குள் தலைமை மெக்கானிக்கின் கையெழுத்து. அவருடையது. தேதி, மச்சான் சாவதற்குப் பத்து நாள் முன்பு.

தேதியை இன்னொரு தடவை படித்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

பாதி விரலால் பேனாவை இறுக்க முடியாது. பெயரின் நடுவில் வழுக்கி எப்போதும் ஒரு இடைவெளி விழும். பல்லுப் போன கையெழுத்து என்று மனைவி சிரிப்பாள்.

இதில் பல் போகவில்லை. ஒரே இழுப்பு.

அந்தப் பட்டறையில் யார் தாளைப் படித்தார்கள். கட்டம் காலியாக இருந்தால் முதலாளி கத்துவார் என்று போடுவதுதான். இவர் கை கிரீஸாக இருந்தால் இவர் பெயரை மச்சான் போடுவான்.

"உங்க கையெழுத்துல மேடு பள்ளம் ஜாஸ்தி மாமா. நான் போட்டா தார் ரோடு."

"போட்டுத் தொலைடா."

ஆக, இவர் பார்க்கவே இல்லை. பத்தொன்பது வருஷமாகச் சொன்னது நிஜம். மனைவிக்கு ஒரு பார்வை போதும், இது யார் கை என்று தெரிந்துவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

வந்து, ஃபைல்களைத் தள்ளிவிட்டு, இந்தக் கட்டிலில் உட்காருவாள். தன் சாவுச் சேதியைத் தம்பி படிக்காமலே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான் என்பதை மிச்சக் காலம் முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம்.

மேசை இழுப்பறையிலிருந்து கேஸ்கெட் சுரண்டும் பிளேடை எடுத்தார். கெட்டித் தாள், தாங்கியது. பெயரின் நடுவில் ஒரு நூல் அகலத்துக்கு மையைச் சுரண்டினார். ஊதினார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

பல் போயிருந்தது.

போன் அடித்தது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

"கையெழுத்து இருக்கா?"

"இருக்கு. என்னோடதுதான்."

அவள் உடனே வைக்கவில்லை. அவர் காதிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார். பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு நேரம் அவர்கள் போனில் சேர்ந்து இருந்ததில்லை.

"தபால்ல போட்டுடுங்க," என்றாள்.

ஒன்பதரை தாளை ஒரு உறைக்குள் வைத்து ஒட்டினார். பிறகு கட்டிலில் கிடந்த வெற்று அட்டையை எடுத்து, நாற்பத்தாறுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் திரும்பச் செருகினார்.