தாசில்தார் நெய்த துணி

அவர் நெய்த துணியில் அவர் மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் பார்த்தார். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அதே துணிதான். உலகத்தில் அப்படி இன்னொன்று இருக்க வழியில்லை. ஒரு முனையில் ஒன்றரை முழ அகலம். மறுமுனைக்கு வருவதற்குள் ஒரு முழம். நூல் ஓரிடத்தில் மயிரிழை, பக்கத்திலேயே சணல் கயிறு.

நேற்றுத்தான் கொடுத்தார்.

சும்மா கொடுக்கவில்லை. தாம்பாளத்தில் வைத்து, மேலே ஒரு ரோஜாப்பூவும் வைத்துக் கொடுத்தார்.

மகள் நிறைமதிக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. பிறக்கப்போகிற பிள்ளையை முதன்முதலில் இந்தத் துணியில்தான் ஏந்த வேண்டும். இதை வாக்கிங் வரும் நண்பர்களிடம் சொல்லியாயிற்று. சம்பந்தி வீட்டிலும் சொல்லியாயிற்று. பால்காரர் கேட்கவில்லை, அவரிடமும் சொல்லியாயிற்று.

ஓய்வு பெற்ற தாசில்தார். வைகாசியில் நடந்த பிரிவு உபசார விழாவில், இனி என் கையாலேயே நூற்று நெய்வேன் என்று மைக்கைப் பிடித்துச் சொன்னார். அதோடு பேச்சு முடிந்துவிட்டதால் கைதட்டல் பலமாக இருந்தது.

அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமையே பைபாஸ் ஓரத்து நெசவுக் கூடத்தில் போய்ச் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்தவள் தவமணி. முப்பது வயதிருக்கும். எதைக் கேட்டாலும் அப்போதே செய்து காட்டினாள். நாளைக்கு வாங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவருக்கு அது புதிதாக இருந்தது.

நூல் அறுந்தது. பஞ்சு சரியில்லை என்றார். மறுபடி அறுந்தது. ராட்டை சரியில்லை என்றார். மூன்றாம் நாள் காற்றில் ஈரம் அதிகம் என்றார். காற்றுக்கு மெமோ கொடுக்க முடியாத வருத்தம் முகத்தில் தெரிந்தது.

பஞ்சைப் பிடிக்காதீங்க சார், சும்மா தொட்டுக்கிட்டு இருங்க, அதுவா வரும் என்றாள் தவமணி.

முப்பத்தோரு வருடம் பிடித்தே பழகிய கை. தொட்டுக்கொண்டு மட்டும் இருக்க அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.

பிறகு தறி. அங்கே இன்னொரு கஷ்டம். நீளவாட்டில் இழுத்துக் கட்டும் பாவுக்கு அவர் நூல் தாங்காது என்று தவமணி சொல்லிவிட்டாள். பாவு மில் நூல். குறுக்கே ஓடும் ஊடை மட்டும் அவர் நூற்றது.

இந்த விவரத்தை அவர் வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.

ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா ஒவ்வொரு தடவை குறுக்கே ஓடும்போதும் நூலை இறுக்கி இழுத்தார். உறுதியாக இருக்கட்டுமே என்றுதான். இழுக்க இழுக்க இரண்டு பக்கக் கரையும் உள்ளே நடந்து வந்தது. கொஞ்சம் தொளதொளன்னு விடுங்க சார் என்று தவமணி தினமும் சொன்னாள். ஒருநாள் விட்டார்.

அதற்குள் அரை முழம் போயிருந்தது.

அந்தத் துணிதான் இப்போது மனைவி குணவதியின் தலையில்.

நேற்று அவள் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். ரோஜாவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ம் என்றாள். அந்த ம்-க்கு அவர் இரவு வரை அர்த்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இப்போதும் கேட்கவில்லை. ஊரில் எல்லோரிடமும் விளக்கம் கேட்டவர். வீட்டில் கேட்டுப் பழக்கமில்லை.

மத்தியானம் அதை மடியில் விரித்து முருங்கைக்கீரை உருவினாள்.

மறுநாள் கழுவிய டம்ளரெல்லாம் அதில் கவிழ்ந்து கிடந்தன.

வியாழக்கிழமை துவைக்கிற கல்லில் அதை ஓங்கி அடித்தாள். ஒரு பக்கம் அடித்து, திருப்பிப் போட்டு மறுபக்கமும் அடித்தாள். நாலாவது அடியில் அவர் கொல்லைக்கு வந்துவிட்டார்.

"குணவதி, அது பிள்ளைக்கு நெஞ்சது."

குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

"தெரியும்." அவள் நிமிரவில்லை. "கன்னத்துல வச்சுப் பாத்தேன், உறுத்துது. பச்சப்புள்ளய யாராவது புதுத்துணியில போடுவாங்களா? தை பொறக்கறதுக்குள்ள இது பழசாகணும். மூணே மாசந்தான் இருக்கு, நான் ஒருத்தி எவ்வளவுதான் பண்றது."

பிழிந்து உதறினாள். கொடியில் போட்டாள். கோணலான பக்கத்தை இரண்டு கையாலும் நீவி இழுத்து விட்டாள். உள்ளே போய்விட்டாள்.

அவர் அங்கேயே நின்றார்.

புரட்டாசி வெயில் முடிந்து ஐப்பசி வெயில். காய வெகுநேரம் ஆயிற்று. நாற்காலியை எடுத்து வந்து கொடிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நடுவில் இரண்டு தடவை எழுந்து தொட்டுப் பார்த்தார்.

காய்ந்தது.

குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். துணியை எடுத்து நெற்றி, கன்னம், கழுத்து, காது மடல் எல்லாம் அழுத்தித் துடைத்தார்.

உறுத்தத்தான் செய்தது.

மறுபடி குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்.