கதவு இல்லாத பக்கம்

சக்கரம் வைத்த தன் பழைய டிரெய்லர் வீட்டுக்குப் படுதாப் பந்தல் போட ஆர்வில் ஏணியில் ஏறினார். ஏணியைப் பிடித்திருந்த வாலஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விடுமுறைக்கு வந்து தங்கும் அந்த முகாமில் இந்தக் கோடையில்தான் இருவருக்கும் பழக்கம்.

“யோவ், கதவு அந்தப் பக்கம் இருக்கு. பந்தலை இந்தப் பக்கம் போட்டா நீ எங்கய்யா உக்காருவ?”

“நான் உக்காரப் போறதில்ல. ஏணியை ஆட்டாம பிடி.”

“முகாமே பார்த்துச் சிரிக்குதுய்யா!”

“சிரிக்கட்டும்.”

தகரச் சுவர் மெல்லியது. முதல் திருகாணி பிடிக்காமல் சுற்றியது. உள்ளே மரச்சட்டம் எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்து, அங்கே முறுக்கினார் ஆர்வில். மதியத்துக்குள் படுதா விரிந்துவிட்டது.

நிழல் முழுக்கப் பக்கத்து இடத்தில் விழுந்தது. அங்கே கூடாரம் போட்டிருந்த இளைஞன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு, குழந்தை தூங்கிய தள்ளுவண்டியை நிழலுக்குள் நகர்த்தினான்.

“பாரு, ஒரு நன்றிகூடச் சொல்லல! யாருய்யா அவன்?”

“என் மகன். வருஷா வருஷம் பக்கத்துலயே வந்து கூடாரம் போடுவான், வாயைத் திறக்க மாட்டான். அவனா பேசாம நானும் பேசமாட்டேன்.”

ஆர்வில் கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

“அதுக்காக என் பேரன் வெயில்ல கிடக்கணுமா?”